மாலரின் இரண்டாம் சிம்பொனி: இரண்டாம் தடவை நான் படித்த விதம்

மேற்கத்திய இசை வரலாற்றுத் தேர்வில், ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்பொனி (ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதும் பல பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு) உருவான விதத்தையும் அதன் முதல் அரங்கேற்றத்தையும் பற்றிக் கேட்டிருந்தார்கள். முதல் தடவை எழுதியபோது பாதி மதிப்பெண்கூட வரவில்லை. அரங்கேற்றம் 1895 மார்ச் 4 என்று எழுதியிருந்தேன். அன்று பெர்லினில் வாசித்தது முதல் மூன்று பகுதிகளை மட்டும்தான். ஐந்து பகுதிகளும் முழுசாக ஒலித்தது டிசம்பர் 13 அன்று. அதே ஊர், அதே ஆண்டு, இரண்டையும் நடத்தியவர் மாலரே. குழம்பாமல் இருப்பது கஷ்டம்தான்.

அடுத்த தடவை தேதிகளை உருப்போடவில்லை. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: 1888-இல் முதல் பகுதியை முடித்தவருக்குக் கடைசிப் பகுதி கைகூட 1894 வரை ஏன் ஆனது?

அந்த முதல் பகுதி ஓர் இறுதிச் சடங்கைச் சொல்லும் இசை. 1891-இல் ஹாம்பர்க்கில், தான் பெரும் மதிப்பு வைத்திருந்த இசை நடத்துநர் ஹான்ஸ் ஃபோன் ப்யூலோவுக்கு மாலர் அதைப் பியானோவில் வாசித்துக் காட்டினார். ப்யூலோ காதைப் பொத்திக்கொண்டார். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது பகுதிகள் 1893 கோடையில் ஆஸ்திரியாவில் ஏரிக்கரை ஊரான ஸ்டைன்பாக்கில்தான் வந்தன. முடிவில் கோரஸ் வேண்டும் என்று மாலருக்குத் தெரியும். ஆனால் அதற்கான வரிகள் அகப்படவில்லை. முடிவில் கோரஸ் வரும் பெத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியைப் பார்த்துச் செய்தார் என்று சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம் வேறு.

1894 பிப்ரவரியில் ப்யூலோ கெய்ரோவில் இறந்தார். மார்ச் 29 அன்று ஹாம்பர்க் புனித மிக்கேல் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில், உயிர்த்தெழுதல் பற்றி ஜெர்மன் கவிஞர் க்ளோப்ஷ்டாக் எழுதிய பாடலைப் பாடினார்கள். மாலர் தேடிய வரிகள் அவைதான். முதல் இரண்டு கண்ணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தானே எழுதினார். அந்த ஆண்டே சிம்பொனி முடிந்தது. என் விடையில் பாதிப் பக்கம் இந்தச் சடங்குக்கே கொடுத்தேன். வயலின் வண்ணம், ஹார்மனி எல்லாம் இரண்டே வரி.

சரி, இதோடு ஸ்கோரையும் (இசைக்குறிப்புப் புத்தகம்) எடுத்து வைத்துக்கொண்டு கடைசிப் பகுதியைக் கேளுங்கள், இரவில் என்றால் இன்னும் நல்லது. மேடைக்கு வெளியே ஊதும் ஹார்ன்கள் எங்கே வருகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட இருபது நிமிடம் கழித்துக் கோரஸ் நுழையும் இடத்தில் மூன்று 'பி' (ppp, மிக மிக மெதுவாக என்ற குறி) போட்டிருக்கும். வாத்தியம் எதுவும் கூட வராது. பாட ஆரம்பித்துவிட்டார்களா என்றே தெரியாத அளவுக்கு மெல்லிய சத்தம். அந்தப் பக்கத்தை மட்டும் நான் தேர்வுக்கு முதல் நாள் நான்கு தடவை கேட்டேன்.