டெல்லி – காத்மாண்டு: போகும்போது இடது ஜன்னல், வரும்போது வலது ஜன்னல்

காத்மாண்டுவில் எங்கே தங்கினோம், என்ன செலவானது என்பதெல்லாம் அடுத்த பதிவில். முதலில் விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பயணத்தின் மிகச் சிறந்த காட்சி ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே கிடைத்துவிட்டது!

டெல்லியிலிருந்து போகும்போது இடது பக்கம், அதாவது ஏ சீட். விமானம் ஏறக்குறைய நேர் கிழக்கே பறக்கிறது, இமயமலை வடக்கே இருக்கிறது, கணக்கு அவ்வளவுதான். திரும்பும்போது வலது பக்கம், எஃப் சீட். போக வர டிக்கெட்டைச் சேர்த்துப் போடும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்தைத் தட்டிவிடாதீர்கள். சில ஆப்களில் சீட் வரைபடம் படுக்கைவாட்டில் வரும். விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொரு லாபம், வெயில். இந்தப் பாதையில் குளிர்காலச் சூரியன் தெற்குப் பக்கமாகவே இருக்கும். மலைப் பக்க ஜன்னலில் கண் கூசாது, எதிரே பனியில் வெளிச்சம் பளிச்சென்று விழும், போட்டோ அருமையாக வரும். இறக்கைக்கு மேல் வரும் வரிசைகள் வேண்டவே வேண்டாம். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தாலும் இன்ஜினின் சூடான காற்றில் காட்சி கலங்கித் தெரியும். முன்வரிசைக்குக் கட்டணம் அதிகம் என்பதால் நான் எப்போதும் பார்ப்பது கடைசி வரிசைகளைத்தான்.

இந்த முறை கடைசி வரிசைகள் போய்விட்டன. இறக்கைக்கு முன்னால் ஒரு ஏ சீட்டுக்குக் கூடுதல் பணம் கட்டினேன். போய் உட்கார்ந்தால் பக்கத்தில் ஜன்னலே இல்லை, வெறும் சுவர்! போயிங் 737-இல் ஏசி காற்றைக் கீழிருந்து கூரைக்குக் கொண்டுபோகும் குழாய் அந்த இடத்துச் சுவருக்குள் போகிறதாம், அதனால் அங்கே ஜன்னல் வைக்க முடியாது. சரி, வைக்க வேண்டாம். ஆனால் அதையே ‘ஜன்னல் சீட்’ என்று காசு வாங்கி விற்பது பச்சை ஏமாற்று வேலை. கதவு மூடியதும் பணிப்பெண்ணிடம் கேட்டேன். நல்ல மனுஷி, பின்னால் காலியாக இருந்த ஏ சீட்டுக்கு மாற்றிவிட்டார். சீட் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

அதன்பிறகு பார்த்தது எல்லாவற்றுக்கும் ஈடு. பாதி வழிக்குமேல் தவளகிரி வந்தது. 8167 மீட்டர், சுற்றியிருந்த எதனோடும் ஒட்டாமல் தனியாக எழும்பி நிற்கிறது. அதையடுத்து மலைத்தொடரில் ஒரு பெரிய பிளவு, காளி கண்டகி ஆறு அறுத்துக்கொண்டு போன பள்ளத்தாக்கு. அந்தப் பக்கம் அன்னபூர்ணா, 8091 மீட்டர். இரண்டு எட்டாயிரம் மீட்டர் சிகரங்களுக்கு நடுவே ஓர் ஆறு! முன்னால் சற்று உயரம் குறைந்து, கூராக மச்சபுச்சரே. அதைத் தாண்டி மனாஸ்லு. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன், போன் சார்ஜ் பாதி போய்விட்டது.

எவரெஸ்ட்டை இந்த விமானத்தில் எதிர்பார்க்காதீர்கள். அது காத்மாண்டுக்கும் கிழக்கே இருக்கிறது. அதற்கென்றே காலையில் காத்மாண்டுவிலிருந்து தனி மலைக்காட்சி விமானங்கள் உண்டு. போகும்போது இடது பக்கத்துக்கும் வரும்போது வலது பக்கத்துக்கும் மலை தெரியும், அதில் பக்கம் பற்றிய கவலை இல்லை. ஆனால் அந்தக் கட்டணம் என் பட்ஜெட்டுக்குள் வரவில்லை, விட்டுவிட்டேன்.

மாதம் முக்கியம். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம்; மேகம்தான் தெரியும், அப்போது ஜன்னலுக்குத் தனியாகக் காசு கட்டுவது வீண். காத்மாண்டுவில் ஒரே ஓடுபாதை என்பதால் இறங்க இடம் கிடைக்காமல் விமானம் வானத்தில் வட்டமடிப்பதும் உண்டு. அப்படிச் சுற்றும்போது வலது பக்கத்துக்காரர்களுக்கும் மலை கொஞ்சம் கிடைக்கும், அதனால் எஃப் சீட் மட்டுமே மிச்சமிருந்தாலும் ஜன்னலை விடாதீர்கள்.