போவா அல்பினா: ஒரு புல்லின் குரோமோசோம் கணக்கு

ஜூலை 3, அபிஸ்கோ

ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, ஸ்வீடனின் இந்த மூலையில் போவா அல்பினா பாறை இடுக்குகளில் நன்றாக வளர்கிறது. குட்டையான புல்தான். ஆனால் கதிரைக் கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. விதை இருக்க வேண்டிய இடத்தில் இலைவிட்ட குட்டிச்செடிகள், அடியில் லேசான செம்மையோடு. பாரம் தாங்காமல் தாள் சாய, மண்ணைத் தொட்டதும் அவை வேர்பிடிக்கும். கோடை இவ்வளவு குறுகிய ஊரில், விதை முற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. விதை வைக்கும் செடிகளும் இதே இனத்தில் உண்டு.

ஜூலை 6

குட்டிச்செடிகளின் வேர்நுனிகள் நேற்றிலிருந்து ஐஸ் தண்ணீரில் இருந்தன. குளிரில், செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிரிழைகள் கலைந்து, குரோமோசோம்கள் பிரிய வழியின்றிச் சுருங்கி நிற்கும். இன்று ஆல்கஹால், அசிட்டிக் அமிலக் கலவைக்கு மாற்றியாயிற்று.

ஜூலை 9

60 டிகிரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அப்புறம் டிஎன்ஏவுக்கு நிறமேற்றும் ஷிஃப் சாயம். கவர் ஸ்லிப்பைக் கட்டைவிரலால் அழுத்தியதும் ஊதாச் சிவப்பில் ஒரு செல்லின் குரோமோசோம்கள் அத்தனையும் பரவிக் கிடந்தன: 33. இரண்டடி தள்ளி நின்ற செடியில் 34!

போவாவின் அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் உள்ள குரோமோசோம்கள், 7. 28, 35 என்றால் சரி, மடங்கு. 33 எதிலும் அடங்காது. இந்த இனத்தில் 14 உண்டு, 22 முதல் 46 வரை பலவும் பதிவாகியிருக்கின்றன. சாதாரணச் செடியாக இருந்தால், பாலணுக்களை உண்டாக்கும் செல்பிரிவான மயோசிஸில் குரோமோசோம்கள் ஜோடி சேராமல் மகரந்தம் கெட்டு, வம்சமே தடுமாறும். இதுவோ குட்டிச்செடியாகப் பெருகுகிறது. விதையும் பெரும்பாலும் கருவுறாமலே உண்டாகிறது. தாயிடம் உள்ள எண் அப்படியே பிள்ளைக்கு. இதற்குப் போய் ஒரே எண்ணை எழுதிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த இடத்துச் செடி என்பதும் கூடவே வேண்டும்.

ஜூலை 11

ஸ்வீடனின் லுண்ட் நகரில் மரபியலாளர் ஆர்னே முன்ட்சிங் 1940களில் செய்த வேலையைப் படித்தேன். 14 உள்ள செடிகள் சிலவற்றில் கூடுதலாக பி குரோமோசோம்கள்: வழக்கமான தொகுதிக்கு வெளியே, இல்லாவிட்டாலும் செடி வாழக்கூடிய உபரிகள். விதையிலிருந்து வரும் முதல் வேரில் அவை உண்டு. பின்னால் தண்டடியில் கிளம்பும் வேற்றிட வேர்களில் இல்லை. பூவில், மகரந்தத் தாய்ச்செல்லில் மறுபடி உண்டு. ஒரே செடிதான்!

குட்டிச்செடியின் வேர்கள் எல்லாமே வேற்றிட வேர்கள். அவற்றை மட்டும் பார்த்துவிட்டு 'பி இல்லை' என்று எழுத முடியாது. போன ஆண்டு விதையை இன்று பெட்ரி தட்டில் பரப்பினேன். முதல் வேர் ஒரு சென்டிமீட்டர் வந்ததும் வெட்டலாம்.