எடை போடும் நேரத்தில் போய்க் கேட்கணும்

அக்கா மகன் மேரிலாந்தில் இருக்கிறான். கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவன், இப்போது அமெரிக்கக் குடிமகன். அந்த நாட்டு ராணுவத்துக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி, அதாவது ரகசியத் தகவலைக் கையாள அரசு தரும் அனுமதி வேண்டும், அனுமதிக்கு முன்னால் பின்புல விசாரணை. போன மாதம் போன் பண்ணினான்.

"மாமா, என் விசாரணை வீடியோ கால்லயே முடிஞ்சிருச்சு. மூணு மணி நேரம். ஆளு நேர்ல வரவே இல்ல. நீங்கதான் மழையில எஸ்டேட் எஸ்டேட்டா நடந்தீங்க" என்று ஒரே சிரிப்பு.

நான் நீலகிரி மாவட்டப் போலீஸின் தனிப்பிரிவில், அதாவது ஸ்பெஷல் பிராஞ்சில் ஏட்டாக இருந்து, எஸ்.எஸ்.ஐ. என்ற சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். அரவங்காடு வெடிமருந்து ஃபேக்டரி, வெலிங்டன் ராணுவ ஆபீஸ்கள், போலீஸ் தேர்வு, பாஸ்போர்ட் என்று எதுவாக இருந்தாலும், "முன்நடத்தை விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்று எஸ்.பி. ஆபீஸிலிருந்து தாள் வரும். தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடை. மருமகன் சிரித்தது எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீடியோவா நேரா என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரு பதில் இருக்கிறது.

முதலில், நேரில் பார்த்தால் முகத்தைப் படித்துவிடலாம் என்கிறார்களே, அதை நான் நம்புவதில்லை. என் சர்வீஸில் யார் முகத்தையும் நான் படித்ததில்லை. பொய் சொல்கிறவன் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நிதானமாகப் பேசுவான். ஒரு தப்பும் செய்யாத, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயனில் வளர்ந்த பையனுக்குப் போலீஸ் என்றதுமே நாக்கு ஒட்டிக்கொள்ளும், வேர்த்துக் கொட்டும். அவன் அப்பா பிறந்த வருஷம்கூட மறந்துபோகும். அப்படிப் பார்த்தால், விண்ணப்பித்தவனை மட்டும் கேட்பதற்கு வீடியோவே போதும். அவன் தன் வீட்டில் உட்கார்ந்து, ஃபாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லட்டும். ஒரே தொந்தரவு நெட்வொர்க். கீழ்கோத்தகிரிப் பக்கம் கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால், அவன் யோசிக்கிறானா, சிக்னல் போய்விட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. மேரிலாந்தில் அந்தக் கஷ்டம் கிடையாது.

அக்கம்பக்கத்தைத் திரையில் விசாரிக்கலாம் என்றால்தான் எனக்கு ஒத்துவராது.

அரவங்காட்டு வேலைக்கு ஒரு பையன். எஸ்டேட் லயனில் வளர்ந்தவன், ஐ.டி.ஐ. முடித்தவன். மத்திய அரசு வேலைக்கான அந்த ஃபாரத்தில், கடந்த ஐந்து வருஷத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிய இடங்களை எழுதச் சொல்வார்கள். அவன் ஒரே ஒரு விலாசம்தான் எழுதியிருந்தான். கைது, வழக்கு உண்டா என்ற இடத்தில் இல்லை, இல்லை, இல்லை. எங்கள் ஸ்டேஷன் பதிவேடும் சுத்தம். திரையில் கேட்டிருந்தால் அத்தோடு முடிந்தது.

நான் போனது பறித்த பச்சைத் தேயிலையை எடை போடும் நேரம். தனிப்பிரிவில் பழைய ஆட்கள் சொல்லிக் கொடுத்தது அது. காலையில் போனால் எல்லாரும் தேயிலைக் காட்டில் இருப்பார்கள், ராத்திரி போனால் கதவு திறக்காது. எடை போடும்போது எஸ்டேட்டின் அந்தப் பிரிவு ஆட்கள் மொத்தமும் ஒரே இடத்தில் வரிசையில் நிற்கும். நிற்கிறவர்களுக்குப் பேச ஆள் வேண்டும். கணக்கப்பிள்ளையிடம் பையனைப் பற்றிக் கேட்டேன். தங்கமான பையன் என்றார். மேஸ்திரியும் அதையே சொன்னார். சரி, கிளம்பலாம் என்று நோட்டை மூடினேன். மூட்டையை இறக்கி வைத்த ஒரு பாட்டி, யாரும் கேட்காமலே, "பாவம், அந்தத் திருப்பூர் கேஸுக்கு அப்புறம் புள்ள ரொம்ப அடங்கிப் போயிட்டான்" என்றது.

பையன் திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு மாசம் வேலை பார்த்திருக்கிறான். ஒரு வருஷம் ஆகாததால் ஃபாரத்தில் எழுத வேண்டிய அவசியமே இல்லை. அங்கே ரூமில் தகராறு, கைகலப்பு, வழக்கு, பிறகு விடுதலை. பயத்தில் மறைத்துவிட்டான். விசாரித்து, தீர்ப்பு நகலை வாங்கி, உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினேன். முன்பெல்லாம் மறைத்தாலே வேலை போச்சு என்பார்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மறைத்தது எந்த மாதிரி வழக்கு, எவ்வளவு சின்னது என்று பார்த்து வேலை கொடுப்பவர் முடிவு செய்யலாம் என்று. இளம் வயதில் கோஷம் போட்ட மாதிரி அற்ப வழக்கை மன்னிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. முடிவு ஃபேக்டரிக்காரர்களுடையது. ஆனால் முடிவெடுக்கத் தேவையானது அந்தப் பாட்டி வாயிலிருந்து வந்தது. பாட்டியிடம் போன் இல்லை. இருந்தாலும் அவர் பெயரை எந்தப் பையனும் சாட்சி என்று எழுதிக் கொடுக்கமாட்டான்.

ஃபாரத்தில் கொடுக்கிற பெயரெல்லாம் வேண்டியவர்கள் பெயர்தானே. அமெரிக்க ஃபாரத்திலும் அப்படித்தான். எஸ்.எஃப்.-86 என்று பெயர், நூறு பக்கத்துக்கு மேல் போகிறது. பத்து வருஷத்து வீடுகள் ஒன்று விடாமல், நன்றாகத் தெரிந்த மூன்று பேர், வெளிநாட்டுச் சொந்தங்கள், எல்லாம் உண்டு. தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கிய வீடுகளை எழுதித்தான் ஆகவேண்டும். நம்ம பையனின் எட்டு மாசம் அங்கே தப்பியிருக்காது. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஃபாரம் நம்முடையதைவிடக் கெட்டி.

நேரில் போவதென்றாலே சுத்தம் என்று நான் சொல்லவரவில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தபடியே மூன்று ஊர் அறிக்கையை எழுதி முடித்த கைகளை எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் விசாரணைக்கு வாசலில் நின்றுகொண்டு "கவனிங்க" என்று தலையைச் சொறிவதும் ஊரறிந்த சங்கதி. மஃப்டியில் போனாலும் லயனில் போலீஸ் என்று தெரிந்துவிடும். ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குப் போனால் அன்று மாலைக்குள் நாலு கதை கிளம்பியிருக்கும். வேலித் தகராறு இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே எழுதினால் ஒரு குடும்பம் கெடும். சாதி பார்த்துக் குறிப்பெழுதியவர்களும் உண்டு. இதற்கெல்லாம் வீடியோ நல்ல மருந்து: பதிவு செய்தால் பின்னால் எடுத்துப் பார்க்கலாம், கையை நீட்ட முடியாது.

தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டங்களே இங்கே 1968இல் தொடங்கின. பேரன் ஃபாரத்தில் தாத்தா பிறந்த ஊர் இலங்கையின் பதுளை என்று எழுதினால், டெல்லியில் உட்கார்ந்திருக்கிறவர் புருவத்தை உயர்த்துவார். ஒவ்வொரு தாளிலும் பெயரின் எழுத்து வேறாக இருக்கும். வீட்டுக்குப் போனால் தகரப் பெட்டியைத் திறந்து, நான் கேட்காத தாள்களையும் எடுத்துப் போடுவார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களை முதலில் தங்க வைத்த மண்டபம் முகாமின் முத்திரையோடு ஏதாவது ஒன்று கிடைக்கும், கணக்கு நேராகிவிடும். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் கேட்ட தாள் மட்டும் வரும்.

மருமகனிடம் இவ்வளவையும் சொன்னேன். அவன் அங்கத்துக் கதை ஒன்று சொன்னான். 2013 செப்டம்பரில் வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் ஆரோன் அலெக்சிஸ் என்பவன் 12 பேரைச் சுட்டுக் கொன்றான். அனுமதி பெற்ற ஆள். 2004இல் சியாட்டிலில் ஒருவருடைய கார் டயரைத் துப்பாக்கியால் சுட்டுக் கைதாகியிருக்கிறான். பின்புல அறிக்கையில் இருந்ததோ, டயர் காற்றை இறக்கிவிட்டான் என்று மட்டும். துப்பாக்கி என்ற சொல்லே இல்லை. சியாட்டில் போலீஸின் அறிக்கையை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அப்போது விசாரணை வேலையில் பெரும்பங்கு எடுத்திருந்த யு.எஸ்.ஐ.எஸ். என்ற தனியார் கம்பெனி, 2008க்கும் 2012க்கும் இடையில் சுமார் 6,65,000 கோப்புகளைச் சரிபார்ப்பை முடிக்காமலே முடிந்ததாகத் தள்ளிவிட்டது என்று அவர்கள் அரசே வழக்கில் சொன்னது. அந்த வருஷங்களில் நேரில் போய்க் கேட்பதுதான் வழக்கம். வீடியோ பரவலானது 2020 கொரோனாவில், ஊரடங்கில் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாமல் போனபோது.

நம்ம டீக்கடை அறிக்கை அங்கேயும் உண்டு என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஏட்டுப் புத்தி, விடாது.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்யலாம். விண்ணப்பித்தவனை வீடியோவில் கேளுங்கள், பதிவு செய்யுங்கள். மிச்சமாகும் பஸ் செலவையும் நேரத்தையும் அவன் பெயர் எழுதிக் கொடுக்காத ஆட்களைத் தேடிப் போகச் செலவழியுங்கள். நீதிமன்றத் தாளை யாராவது ஒருவர் கையில் வாங்கிப் படிக்கட்டும். இப்போது ஒரே கம்ப்யூட்டரில் நாட்டு ஸ்டேஷன்களின் எஃப்.ஐ.ஆர். எல்லாம் வருகிறது என்கிறார்கள். நல்லது. ஆனால் பெயரின் எழுத்து ஒன்று மாறினாலும் தேடுகிற ஆள் திணறுவார், தகரப் பெட்டியில் அதைத்தான் பார்த்தோம்.

அக்காவுக்கு வேறு கவலை. "கோத்தகிரிக்கு வந்து என்னையும் கேப்பாங்களாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வரமாட்டார்கள் அக்கா, உன் பெயரும் பிறந்த தேதியும் ஃபாரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். கொஞ்சம் ஏமாற்றம் போல. வருகிறவருக்கென்று எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி வாங்கி வைத்திருந்தாள். இரண்டு நாளில் நானே தின்று தீர்த்தேன்.

மருமகனுக்கு இன்னும் முடிவு வரவில்லை. போன வாரம் பேசும்போது சொன்னான், இவனை வீடியோவில் பார்த்த அதே ஆள், எதிர்வீட்டுப் பெரியவரைப் பார்க்க மட்டும் நேரில் வந்தாராம். அந்தப் பெரியவர் பெயரை இவன் எழுதிக் கொடுக்கவில்லை. என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார் என்று இவன் ரெண்டு தடவை தூண்டிப் பார்த்திருக்கிறான். பெரியவர் வாயைத் திறக்கவில்லையாம்.

"வந்தவன் விவரமான ஆளுடா" என்றேன்.