போட்டோ போடுறதுக்கு முன்னால எங்களைக் கேட்டீங்களா, மிஸ்?

நான்கு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு சர்வதேச மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. இணையத்தில் பொறுப்பாக நடந்துகொள்வது பற்றிய மாநாடு. பல நாடுகளிலிருந்து மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் வந்திருந்தார்கள், கூடவே என்னைப் போன்ற ஆசிரியர்கள், வக்கீல்கள், செயலி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். அது எந்த ஊரில் நடந்தது, யார் நடத்தினார்கள், என் பிள்ளைகளின் பெயர் என்ன என்று எதையும் இங்கே எழுதப்போவதில்லை. போவதற்கு முன்னால் இப்படி ஒரு பதிவை எழுதியிருந்தால் எல்லாமே இருந்திருக்கும், போட்டோ உட்பட. நடுவில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே தயாரிப்பு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு குழுவும் பத்து நிமிடம் பேச வேண்டும். நான் ஆர்வமாக ஸ்லைடு செய்து கொடுத்தேன்: பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே, முன்பின் தெரியாதவர்களோடு பேசாதே, பதிவிடும் முன் ஒருமுறை யோசி. நால்வரில் ஒருவன், அதிகம் பேசாதவன், எல்லா ஸ்லைடையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது ஆறாவதுல நீங்க எங்களுக்குச் சொன்னதுதானே?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறான். இப்போது பதினொன்றாவது படிக்கிறான்.

சரி, நீங்களே சொல்லுங்கள், எதைப் பற்றிப் பேசலாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒருத்தி சொன்னாள், எல்லா வகுப்புக்கும் இரண்டு வாட்ஸ்அப் க்ரூப் இருக்கும் என்று. ஒன்றில் எல்லோரும் இருப்பார்கள், இன்னொன்றில் ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் இருப்பார்கள். யார் அந்த ஒருவர் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். அந்த இரண்டாவது க்ரூப்பில் கெட்ட வார்த்தை இருக்காது, மிரட்டல் இருக்காது, ரிப்போர்ட் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது, அந்த ஒருவர் இல்லை என்பது மட்டும்தான் இருக்கும். இருபது வருடமாகக் கணினிப் பாடம் எடுக்கிறேன், அன்றைக்குத்தான் இதைக் கேள்விப்படுகிறேன். என் ஸ்லைடுகள் குப்பைக்குப் போயின, பத்து நிமிடமும் இரண்டாவது க்ரூப்புக்கே போனது. அங்கே மேடையில் அவர்கள் இதைச் சொன்னபோது வேறு வேறு மொழி பேசும் பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். மாட்டிக்கொண்டவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது.

முதல் நாள் முழுக்க வயதுதான் பேச்சு. எந்த வயதில் கணக்கு தொடங்க விடலாம்? 13 என்று எல்லாச் செயலியிலும் பார்த்துப் பழகிவிட்டோம், அந்த வயதில் ஏதோ பக்குவம் வருகிறது போல என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்குவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். அமெரிக்காவில் 1998இல் கோப்பா என்று ஒரு சட்டம் வந்தது, 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளிடமிருந்து தகவல் சேகரிக்க வேண்டுமானால் பெற்றோரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று. அந்தத் தொல்லையே வேண்டாம் என்று நிறுவனங்கள் 13க்குக் கீழே கணக்கே கிடையாது என எழுதி வைத்துவிட்டன. ஃபேஸ்புக் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்னால் வந்த சட்டம், உலகம் முழுக்கப் பிள்ளைகளின் வயதை இன்னமும் அதுதான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பெற்றோர் அனுமதிக்கான வயதை 16 என்கிறது, ஆனால் ஒவ்வொரு நாடும் விரும்பினால் 13 வரை இறக்கிக்கொள்ளலாம். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது வரை எல்லோரும் குழந்தைதான். ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கே இருக்கக்கூடாது என்றது. மீறினால் நிறுவனத்துக்கு 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ தண்டனை எதுவும் இல்லை.

இதைப் பற்றிப் பெரியவர்கள் மேடையில் ஒரு மணி நேரம் பேசி முடித்ததும், கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து கேள்வி எதுவும் கேட்கவில்லை. "13 வயசுக்கு முன்னாடியே கணக்கு தொடங்கினவங்க கை தூக்குங்க" என்று மாணவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள். அரங்கில் தூக்காத கைகளை எண்ணிவிடலாம். மேடையில் இருந்தவர்களில் ஒருவரும் தூக்கினார், அந்த மனுஷரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஆனால் பிள்ளைகள் எல்லோரும் தடைக்கு எதிரானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பாதிப் பேராவது ஆதரித்தார்கள். தங்களுக்காக இல்லை, தம்பி தங்கைகளுக்காக. எதிர்த்தவர்களில் ஒரு பையன் சொன்னதுதான் மனதில் நிற்கிறது. அவனுக்கு ஒரு அரிய நோய், அதே நோய் உள்ள தன் வயதுக்காரர்களை அவன் நேரில் பார்த்ததே இல்லை, இணையத்தில் மட்டும்தான் தெரியும். 16 வரை காத்திரு என்றால் அவன் யாருக்காகக் காத்திருப்பான்? அதற்கு மேடையில் யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

இரண்டாம் நாள் பயிற்சி வகுப்புகள். ஒன்றில் ஆசிரியர்களும் மாணவர்களும் கலந்து உட்கார்ந்தோம். ஒரு இணையதளத்தைக் காட்டி, இதை நம்பலாமா, ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள் என்றார்கள். நான் அந்தத் தளத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். "எங்களைப் பற்றி" பக்கத்தைப் படித்தேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், கட்டுரைகளின் கீழே மேற்கோள் எல்லாம் இருந்தது, நம்பலாம் என்று எழுதிக் கொடுத்தேன். தப்பு. ஒரு தொழில் நிறுவனம் தன் பொருளுக்காகவே காசு கொடுத்து நடத்தும் தளம் அது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்தத் தளத்தை இருபது விநாடிகூடப் படிக்கவில்லை, இன்னொரு டேப் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் இல்லை என்று அப்புறம் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் இதே மாதிரி தளங்களைக் கொடுத்தபோது, படித்த பேராசிரியர்கள்கூடத் தளத்தின் தோற்றத்தில் ஏமாந்தார்கள், சரிபார்ப்பவர்கள் மட்டும் உடனே தளத்தை விட்டு வெளியே போய்த் தேடினார்கள். அதாவது கவனமாகப் படி, கவனமாகப் படி என்று நான் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததே இந்த இடத்தில் வம்பு. ஏமாற்றுகிறவன் எழுதியதைக் கவனமாகப் படித்தால் கவனமாக ஏமாறுவோம், அவ்வளவுதான்.

ஃபார்வர்டு பற்றியும் ஒரு வகுப்பு இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற கட்டுப்பாடு 2019இல் உலகம் முழுக்க வந்தது, பலமுறை கைமாறி வந்த செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்திகள் அதன் பிறகு 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. யாரும் திருந்தவில்லை, கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது, விட்டுவிட்டார்கள். என் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பொறுப்பு பொறுப்பு என்று எங்களையே சொல்கிறீர்களே, பட்டனை அந்த இடத்தில் வைத்தவருக்குப் பொறுப்பு இல்லையா என்று செயலி நிறுவனத்துக்காரரிடம் கேட்டார்கள். அவர் ரொம்ப நேரம் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று இப்போது யோசித்தால் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

மதியம் மாணவர்கள் மட்டும் ஒரு அறையில். ஆசிரியர்கள் வெளியே. கதவைச் சாத்திவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, யார் சொன்னது என்று தெரியாதபடி எழுதிய ஒரு தாளை வாசித்தார்கள். இணையத்தில் மோசமாக ஏதாவது நடந்தால் ஏன் பெரியவர்களிடம் சொல்வதில்லை என்பது கேள்வி. பாதிக்கு மேற்பட்ட பதில்கள் ஒன்றேதான்: சொன்னால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அடிப்பார்கள், திட்டுவார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். போன் போனால் நண்பர்கள் போய்விடுவார்கள், ஆக நடந்த கொடுமை ஒன்று, அதைச் சொன்னதற்குத் தண்டனை இன்னொன்று. அதைவிடப் பேசாமல் இருந்துவிடலாம்.

அந்த அறையில் அவர்கள் தெரிந்துகொண்ட ஒன்றை எல்லோருக்கும் சொல்லச் சொன்னார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 18 வயதுக்குக் கீழே இருந்தபோது எடுத்த அந்தரங்கப் படம் ஒன்று வெளியே போய்விட்டது, அல்லது போகும் என்று ஒருவன் மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது, காணாமல்போன, துன்புறுத்தப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் நடத்துவது. பெயர் கொடுக்க வேண்டாம். படத்தையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு எண் கணக்கிடப்படும், ஹாஷ் என்பார்கள், அந்த எண் மட்டும்தான் அவர்களிடம் போகும். இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த எண்ணோடு ஒத்துப்போகும் படம் தங்களிடம் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடும். எல்லாவற்றையும் இது தீர்த்துவிடாது, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யப்பட்ட செய்திகளுக்குள் இது எட்டாது, சேராத தளங்களும் உண்டு. இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு யாரிடமும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு, யாரிடமும் சொல்லாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளைக்குச் சொல்லியிருப்பேன்.

இனி அந்த விஷயம்.

அன்று மாலை மேடையில் நால்வரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். நல்ல படம், வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது, கழுத்தில் அடையாள அட்டை. உடனே பள்ளி க்ரூப்பிலும் என் பக்கத்திலும் போட்டுவிட்டேன், நால்வரின் பெயரோடு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் நால்வரில் மூத்தவள் வந்து நின்றாள். "போட்டோ போடுறதுக்கு முன்னால எங்களைக் கேட்டீங்களா, மிஸ்?"

அம்மா அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே அம்மா, படிவத்தில் இருக்கிறதே என்றேன். "அம்மா கையெழுத்துப் போட்டாங்க. படத்துல நான்தானே இருக்கேன்." அட்டையில் பெயர், பள்ளி, வகுப்பு எல்லாம் படிக்கும்படி தெரிகிறது என்றும் சொன்னாள். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்காதது, எழுதிவிடுகிறேன்: "இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்கேன், ஒரு போட்டோ போடக்கூடாதா?"

அவள் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். குழந்தைகளின் உரிமைகளும் இணைய உலகமும் பற்றி ஐ.நா. குழு 2021இல் வெளியிட்ட 25ஆம் பொதுக் கருத்துரையைத் தயாரிக்கும்போது 700க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டார்கள் என்று அன்று காலைதான் ஒருவர் பேசினார், நான் கைதட்டியிருந்தேன். 700 பேரைக் கேட்க முடிகிறது, எனக்கு நாலு பேரைக் கேட்க முடியவில்லை.

அறைக்கு வந்து அந்தப் படத்தை நீக்கினேன். நீக்கிய கையோடு என் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன், எட்டு வருடம். விளையாட்டு விழா, ஆண்டு விழா, பரிசு வாங்கிய பிள்ளைகள், சீருடை, பெயர், வகுப்பு. ஒருத்தி பரிசுச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அதில் பிறந்த தேதி தெளிவாகத் தெரிகிறது. பிறந்த தேதியை யாரிடமும் சொல்லாதே என்று அவளுக்கு வகுப்பில் சொன்னதும் நான்தான். எந்தப் படமும் ரகசியம் இல்லை, எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. விடியற்காலை வரை உட்கார்ந்து நீக்கினேன். யாராவது ஏற்கெனவே சேமித்து வைத்திருந்தால் என்ன செய்ய முடியும், ஒன்றும் முடியாது.

மறுநாள் காலை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றாள், பிள்ளைகள் எப்போதும் சொல்கிற மாதிரி. பிறகு தயங்கித் தயங்கி, படம் நல்லா இருந்துச்சு, எனக்கு மட்டும் அனுப்புங்க என்றாள்.

திரும்பி வந்ததும் பள்ளியில் ஒரு உறுதிமொழி எழுதி மாணவர்கள் எல்லோரையும் வாசிக்க வைக்கலாம் என்று சொன்னார்கள். நால்வரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு விதி கேட்டார்கள்: இணையத்தில் தனக்கு நடந்ததை வந்து சொல்கிற பிள்ளையின் போனை வாங்கி வைக்கக்கூடாது. பள்ளி ஒப்புக்கொண்டது. பெற்றோர் கூட்டத்தில் இது அரை மணி நேரச் சண்டையானது, இன்னும் முடியவில்லை, அடுத்த மாதம் மறுபடி கூடுகிறோம்.

இந்தப் பதிவை வெளியிடும் முன் நால்வருக்கும் அனுப்பினேன். மூன்று பேர் சரி என்றார்கள், அதில் ஒருவன் எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தியும் கொடுத்தான். நாலாமவள் ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னாள், காரணம் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன். நல்ல பத்தி.