சாண எரிவாயு: கலனைவிடச் சாணம் முக்கியம்

சாணத்தைக் கரைத்து ஊற்றி எரிவாயு எடுக்கும் கலனின் அளவை, வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். தினமும் கைக்கு வரும் சாணத்தை எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு கிலோ பச்சைச் சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டர் வாயு தரும் கலனுக்குத் தினமும் 50 கிலோ தேவை. ஒரு மாடு சராசரியாக 10 கிலோ போடும் என்றாலும், பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதிதான் தொழுவத்தில் கிடைக்கும். பெரிய கலனைக் கட்டி அரைவயிறாக வைத்தால் அழுத்தமே ஏறாது. சின்னக் கலன் போதும். அதற்கு நாள் தவறாமல் தீனி போடுங்கள்.

பச்சைச் சாணத்துக்குச் சம அளவு தண்ணீர். கட்டியில்லாமல் கையாலேயே கரைத்து, வைக்கோல், கல், மண்ணைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். வைக்கோல் மேலே மிதந்து ஆடை கட்டி வாயுவைத் தடுக்கும். மண் அடியில் தங்கி வருடா வருடம் கலனின் கொள்ளளவைத் தின்னும். தண்ணீர் அதிகமானால் திடப்பொருள் பிரிந்து படிந்துவிடும்.

புதுக் கலனில், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கலனின் கழிவுக் குழம்பைக் கொஞ்சம் ஊற்றினால் சீக்கிரம் வேலை தொடங்கும். முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, எரியாது. அதைத் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். கலனின் வாயிலோ குழாய் முனையிலோ தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. உள்ளே காற்று கலந்திருந்தால் வெடிக்கும். சோதனையெல்லாம் அடுப்பில்தான்.

திடீரென வாயு குறைந்து புளித்த வாடை அடித்தால் கலன் அமிலமாகிவிட்டது என்று பொருள். சமையல் கழிவை ஒரேயடியாகக் கொட்டியதுதான் பெரும்பாலும் காரணம். சில நாள் எதுவும் போடாமல் விட்டு, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, pH தாளில் கார அமில நிலை 7-ஐ ஒட்டி வரும்வரை காத்திருங்கள். தொழுவம் கழுவிய பினாயில், சோப்புத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் கோத்திருக்கிறது. வாயு ஈரத்தோடுதான் வரும். குழாயைச் சரிவாகப் போட்டு, மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். சுடர் மஞ்சளாக இருந்தால் பர்னரின் காற்று வளையத்தைத் திறங்கள். எழும்பிப் பறந்தால் மூடுங்கள். சிலிண்டர் அடுப்பில் வாயு வரும் ஜெட் துளை இதற்குப் போதாது, சாண எரிவாயுவுக்கான அடுப்பே வேண்டும். வீட்டுக்குள் அழுகிய முட்டை வாடை வந்தால் சன்னல்களைத் திறந்து வால்வை மூடுங்கள், ஸ்விட்சைத் தொடாதீர்கள். பிறகு இணைப்புகளில் சோப்பு நுரை பூசிக் கசிவைத் தேடலாம்.

வெளிவரும் குழம்பை வெயிலில் காயவைத்து அள்ளும் வழக்கம்தான் மனதை வருத்துகிறது. தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனியாவாக ஆவியாகிவிடும். பாசன வாய்க்காலில் தண்ணீரோடு கலந்துவிடலாம். அல்லது நிழல்குழியில் காய்ந்த சருகை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மேலும் ஊற்றி மட்கவிடலாம். பச்சையாக உண்ணும் கீரை, காய்களின் மேல் படும்படி நேரடியாக ஊற்றாதீர்கள். கலனுக்குள் சாதாரண வெப்பத்தில் நடக்கும் செரிமானம் எல்லா நோய்க்கிருமிகளையும் கொல்வதில்லை.