20 மி.லி.யில் நின்ற நிறம்

பி.எஸ்சி. படித்தபோது கனிம வேதியியல் பிராக்டிகலில் எனக்குக் கிடைத்தது பெயர் ஒட்டாத ஒரு சின்னக் குப்பி. உள்ளே வெளிர் பச்சைப் படிகங்கள். "உப்பு எதுன்னு மட்டும் போதாது, வாய்பாடு வரைக்கும் வரணும்" என்றார் மேடம்.

கொஞ்சம் கரைத்து சோடியம் ஹைட்ராக்சைடு விட்டேன். அழுக்குப் பச்சையில் வீழ்படிவு விழுந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்பரப்பு பழுப்பேறியது. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடுக்கு அடர் நீலம். ஃபெர்ரஸ், அதாவது கூட்டல் 2 மின்சுமை கொண்ட இரும்புதான். பேரியம் குளோரைடு விட்டதும் வெள்ளை வீழ்படிவு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையவே இல்லை. சல்ஃபேட். சரி, ஏழு நீர் மூலக்கூறு கொண்ட ஃபெர்ரஸ் சல்ஃபேட் என்று நோட்டில் எழுதியே விட்டேன்.

அப்புறம் இரும்பின் அளவு. 1.96 கிராம் உப்பை நீர்த்த சல்ஃபியூரிக் அமிலத்தில் கரைத்து 100 மி.லி. ஆக்கி, 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, 0.05 நார்மல் செறிவுள்ள பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்த்தேன். ஃபெர்ரஸ் இரும்பு இருக்கும்வரை அதன் ஊதா நிறம் மறையும், தீர்ந்ததும் நிற்கும். நான் எழுதிய உப்பாக இருந்தால் 28 மி.லி. செலவாகியிருக்க வேண்டும். பியூரெட் 20ஐத் தொட்டதுமே குடுவையில் இளஞ்சிவப்பு நின்றுவிட்டது. எவ்வளவு சுழற்றியும் போகவில்லை. இன்னும் இரண்டு முறை செய்தேன், அதே 20.

காற்றுப் பட்டு இரும்பில் ஒரு பகுதி கூட்டல் 3 மின்சுமை கொண்ட ஃபெர்ரிக் ஆகியிருக்கும், அது பெர்மாங்கனேட்டுடன் வினைபுரியாது என்று முதலில் நினைத்தேன். அப்படியென்றால் தயோசயனேட் விட்டதும் இரத்தச் சிவப்பாக மாறணும். மங்கலான ஒரு சாயலுக்கு மேல் வரவில்லை. ஆக, கரைசலில் குறை இல்லை, உப்பிலேயே இரும்பு குறைவு. கணக்கில் வந்தது 14.2 சதவீதம். ஃபெர்ரஸ் சல்ஃபேட்டில் 20.1 இருக்க வேண்டும்.

சல்ஃபேட்டையும் நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று 0.392 கிராம் உப்பிலிருந்து பேரியம் சல்ஃபேட்டை வீழ்படியவைத்தேன். வடிகட்டி, கழுவி, மூசையில் வைத்துச் சூடாக்கி ஆறவிட்டு நிறுத்தால் 0.465 கிராம். கந்தகம் 16.3 சதவீதம். அணுநிறைகளால் வகுத்தேன்: இரும்பு 0.254, கந்தகம் 0.508. ஒரு இரும்புக்கு இரண்டு சல்ஃபேட்!

அன்று இரவு அதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரும்பின் மின்சுமை கூட்டல் 2, இரண்டு சல்ஃபேட்டின் மின்சுமை கழித்தல் 4. கூட்டல் 2 எங்கோ ஒளிந்திருக்கிறது. அப்போதுதான் உறைத்தது, அம்மோனியம் சோதனையையே நான் செய்யவில்லை. பச்சை நிறத்தைப் பார்த்ததும் நேராக இரும்புக்குப் போய்விட்டேன். உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கண்டறியும்போது நாமே அம்மோனியம் குளோரைடு சேர்ப்பதால், அம்மோனியத்தை மூல உப்பிலேயே முதலில் பார்த்துவிட வேண்டும் என்று மேடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அடுத்த வகுப்பில் மீதி உப்பில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, இந்த முறை பர்னரில் காட்டினேன். மூக்கைத் துளைக்கும் நெடி. குழாய் வாயில் பிடித்த ஈரச் சிவப்பு லிட்மஸ் நீலமானது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் குச்சியை அருகில் கொண்டுபோனதும் வெள்ளைப் புகை திரண்டது.

மீதி தண்ணீர்தான். இரும்பின் சதவீதப்படி மூலக்கூறு நிறை 393. ஓர் இரும்பு, இரண்டு சல்ஃபேட், இரண்டு அம்மோனியம் போக 109. பதினெட்டால் வகுத்தேன், 6.06. பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்ஃபேட், ஆறு நீர். வேதியியலில் இதன் பெயர் மோர் (Mohr) உப்பு.