ஆட்டிசம் சான்றிதழ்: மதிப்பீட்டுக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

ஒருவழியாக ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு யூ.டி.ஐ.டி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) வந்துவிட்டது. ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சுலபம்தான். மதிப்பீட்டில்தான் அலைக்கழித்தார்கள்.

மதிப்பீடு ஊட்டியில். எங்கள் கூடலூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். நடுவட்டம் ஏறும்வரை வளைவுக்கு வளைவு ஹார்ன். காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். பைக்காராவில் குளிர் ஏறியது, ஸ்வெட்டரோ உடம்பில் பட்டாலே கழற்றி எறிந்துவிடுவான். உள்ளே கூப்பிட்டபோது களைத்துப்போய் என் மடியில் சுருண்டு கிடந்தான். "அமைதியாத்தானே இருக்கான், நீங்கதான் பயப்படறீங்க" என்றார் மருத்துவர். ஆட்டிசத்தை அளக்கும் ஐ.எஸ்.ஏ.ஏ அளவுகோலில் மதிப்பெண் 70ஐத் தொடவில்லை, அதனால் ஆட்டிசம் இல்லையாம்.

நள்ளிரவில் எழுந்தால் விடியும்வரை வீட்டுக்குள்ளேயே நடப்பவன் அவன். தயிர் சாதம் மட்டும்தான் இறங்கும், அதுவும் அதே தட்டில். வெளிக்கதவைப் பூட்டாமல் நான் குளிக்கக்கூடப் போக முடியாது; தேயிலைக்குள் இறங்கி ஓடிவிடுவான், எங்கள் பக்கம் யானை நடமாட்டம் வேறு. பத்து நிமிடத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

அப்புறம் ஒரு சிறப்பாசிரியை விளக்கினார். அந்த அளவுகோலில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். குழந்தையைப் பார்ப்பதோடு பெற்றோரிடமும் விசாரித்துத்தான் போட வேண்டும். அந்த எண், நடத்தை எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்து வருகிறது: 20 சதவீத நேரம் வரை என்றால் 1, 80க்கு மேல் என்றால் 5. நாம் வாய்ப்பழக்கத்தில் "சில நேரம் பண்ணுவான்" என்கிறோமே, அதற்கு 2தான். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்லாதீர்கள். தினமுமா, ராத்திரி எத்தனை மணி நேரம், யார் கூட இருக்க வேண்டியிருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டுபோங்கள். போனில் வீடியோவும் இருக்கட்டும்.

மறுமதிப்பீட்டுக்கு முதல் நாளே ஊட்டி ஃபிங்கர்போஸ்ட்டில் சித்தி வீட்டில் தங்கினோம். இந்த முறை இருந்த உளவியலாளர் தாள்களை முழுசாகப் படித்தார். நிமிர்ந்து, "அவன் முழிச்சிருந்தா நீங்க எப்பம்மா தூங்குவீங்க?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அழுதுவிட்டேன்.

சான்று மறுக்கப்பட்டால் சோர்ந்து திரும்பாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சான்று கிடைத்ததும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள், வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு.